முக்காலி வண்டிக்கு அடியில் வைத்த பொட்டு

முரளி,

உன் அம்மா எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் நீ சிரித்த சத்தத்திலேயே அது தெரிந்துவிட்டது. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதிக் கொடுத்தால் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், உனக்குத் தெரிந்ததுதான். மத்தியானத்தில் வேலை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். பொறுத்துப் படி.

விஷயம் இதுதான். நம் வண்டி ரோட்டில் ஓடலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்த அன்றைக்கு, பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்த உன் போன் குரூப்பில் நீ ஒரு போட்டோ போட்டு நாலு வரி எழுதினாயாம். உன் பெண்டாட்டி சுமதி எனக்கு வாசித்துக் காட்டினாள். "என் அம்மாவின் பக்திதான் இந்த வண்டியைக் காப்பாற்றியது" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் கைகூப்புகிற படம் போட்டிருக்கிறார்கள். சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. அது பக்தி இல்லையடா. நீ தெரியாமல் எழுதினாய், உன்மேல் தப்பில்லை. ஆனால் எனக்குப் பிறகு என் பேத்தி இதையே தன் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள், நான் என்னவோ எந்நேரமும் சாமி கும்பிட்டுக்கொண்டே இருந்த மாதிரி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. போன வருஷம் பூராவும் வரவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தக் கம்பெனிக்காரர்கள் உன்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். எதிரே மேம்பாலத்தில் கம்பெனி வண்டிகள் வரிசையாகப் போகும். நீ அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். தாடி வளர்ந்தது. தட்டில் வைத்தால் தின்றாய், வைக்காவிட்டால் கேட்கவில்லை. சுமதி எனக்குப் போன் செய்து, "அத்தை, நீங்க வந்து கொஞ்ச நாள் இருங்க, அவர் என்கிட்ட பேசவே மாட்டேங்கறார்" என்றாள். வந்தேன். என்னிடமும் நீ பேசவில்லை. சாப்பிட்டியா என்றால் "ம்". குளிச்சியா என்றால் "ம்". உன்னை அனுப்பிய அந்த மேனேஜர், பேத்தி பிறந்தநாளுக்கு நம் வீட்டுக்கு வந்து என் கையால் பாயசம் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தவன். டம்ளரைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. அவன் மூஞ்சி எனக்கு மறக்கவில்லை, மறக்கவும் மறக்காது. அது இருக்கட்டும்.

ஒக்கலிபுரம் வீட்டுச் சந்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று நான் சொன்னேனே, அது உன்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அதுவும் இல்லை. உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தினமும் ஜாடை பேசினாள். "வந்து எடுக்கலைன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுப் போட்டுருவேன்" என்று நிஜமாகத்தான் சொன்னேன். நீ வேண்டாவெறுப்பாக வந்தாய். தார்ப்பாயை இழுத்தாய். தும்மினாய். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எஞ்சினுக்குள் கையை விட்டாய். நான் உள்ளே போய்க் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் முழங்கை வரைக்கும் கறுப்பு. அந்தக் கையோடு நிமிர்ந்து, "அம்மா, காபி இருக்கா?" என்று கேட்டாய். எத்தனை மாதத்துக்குப் பிறகு நீயாக வாய்திறந்து ஒன்று கேட்டாய் தெரியுமா. டிகாக்‌ஷன் இறங்கும் வரைக்கும் நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தால் என் முகத்தைப் பார்த்துவிடுவாய் என்றுதான் வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன், எலி போனாலும் போகாவிட்டாலும் இந்த வண்டி இருக்க வேண்டும் என்று.

வண்டியைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனாலும் பேத்தி படித்தால் புரிய வேண்டுமே, எழுதுகிறேன். உன் அப்பா காபிக்கொட்டை கம்பெனியில் டைப்பிஸ்ட். அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வண்டி இது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. துரை ஊர் திரும்பும்போது இதை யாரும் சீண்டவில்லை. கொண்டுபோகவும் அவருக்கு மனமில்லை. தான் சொல்லச் சொல்ல உன் அப்பா அடித்த கடிதங்களில் ஒரு தப்புக்கூட வந்ததில்லை என்று சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். ஒக்கலிபுரத்துப் பிள்ளைகள் அதற்கு முக்காலி என்று பேர் வைத்துப் பின்னாலேயே ஓடுவார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நிறுத்தினால் ஆட்டோ என்று நினைத்து யாராவது ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு தரம் ஒரு கிழவர் மூட்டையோடு ஏறி "மெஜஸ்டிக் போப்பா" என்றார். உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனுஷர். அப்படி இருந்ததனால்தான் நான் பட்டேன், அதுவும் வருகிறது.

அந்த வண்டியைச் செய்த வெள்ளைக்காரர்கள் சொந்தமாக எதையும் செய்யவில்லை. எஞ்சின் ஒரு கம்பெனியுடையது. கியர் வேறொருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து. கதவுப் பிடி ரொட்டி விற்கிற வண்டியிலிருந்து. விளக்கு டிராக்டரிலிருந்து. மேல் கூடு இரும்புகூட இல்லை, நாரும் பசையும் சேர்த்து வார்த்தது, தட்டினால் பிளாஸ்டிக் குடம் மாதிரிச் சத்தம் வரும். "இது கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி. அண்டா ஒரு வீட்டுது, கரண்டி ஒரு வீட்டுது" என்பார் உன் அப்பா. வண்டி வந்த புதிதில் ஒரு நாள் டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியில் குறுக்கே போகிற இரும்புச் சட்டத்தை எனக்குக் காட்டினார். "இங்க பாரு. மத்ததெல்லாம் இரவல். இந்தச் சட்டம் ஒண்ணுதான் அவங்களே செஞ்சது. வண்டிக்குச் சொந்தம்னு சொன்னா இது மட்டும்தான்" என்றார். சட்டத்தின் நடுவில் ஏதோ கீறல் கீறலாக இருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல்யாணமான புதிது. கேட்பதற்கு எனக்குக் கூச்சம்.

இப்போது உன் பெரியத்தையைப் பற்றி. உன் அப்பாவுக்கு அக்கா, மல்லேஸ்வரத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். உனக்கு அவள் மைசூர்பாகு வாங்கி வருகிற அத்தை. உன் ஞாபகம் உனக்கு, என் ஞாபகம் எனக்கு. வண்டி வந்த பிறகு முதல் ஆயுத பூஜை. விடிவதற்கு முன்னால் எழுந்து சந்தனம் அரைத்தேன், வில்லையைக் கரைத்தது இல்லை, கட்டையில் அரைத்தது. தட்டில் சந்தனம், குங்குமம், பூ, எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். பெரியத்தை மாம்பழக் கலர்ப் பட்டு கட்டியிருந்தாள், பச்சைக் கரை. நேராக வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். வாங்கினாள் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். பிடுங்கினாள். "நீ தள்ளு. இங்கிலீஷ்காரன் வண்டிக்கு எங்க பொட்டு வைக்கணும்னு மூணாங்கிளாஸுக்கு என்ன தெரியும்?" என்றாள். நின்றவர்கள் சிரித்தார்கள். தட்டில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் சிரிப்பு. "மூணு சக்கரத்துக்கு நாலு பழம் கொண்டாந்திருக்கா பாரு. கணக்கும் வராது போலிருக்கே தம்பி உன் பொண்டாட்டிக்கு." அப்புறம், இந்த வீட்டு வண்டிக்கு இந்த வீட்டுப் பெண் பொட்டு வைத்தால்தான் சரி என்று ஒரு சட்டமும் போட்டாள். முன் கண்ணாடிக்கு, விளக்குக்கு, சக்கரத்துக்கு எல்லாம் அவளே வைத்தாள்.

உன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, "மிச்சமிருக்கிற பழத்தை என்ன பண்றது?" என்று கேட்டார். அன்றைக்கு முழுதும் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். முரளி, உன் அப்பாவோடு நான் வாழ்ந்த வாழ்க்கையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றது அப்படியே என் கண்ணில் நிற்கிறது. உன் பெண்டாட்டியை யாராவது உன் எதிரில் ஒரு சொல் சொன்னால், அது நானாகவே இருந்தாலும், நீ பழத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை பேசிவிடு. பேசியது தப்பாகப் போனாலும் பரவாயில்லை. பேசாமல் விட்டதைத்தான் பெண்கள் சாகும் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்போம்.

எல்லாரும் பொரிகடலை தின்ன உள்ளே போனார்கள். சந்தனக் கல்லில் வழித்தது போக மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலில் எடுத்துக்கொண்டு போய் வண்டிச் சீட்டைத் தூக்கினேன். அந்தக் குறுக்குச் சட்டத்தில், கீறல் இருந்த இடத்தில், என் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி அதன் நடுவில் குங்குமம் வைத்தேன். "வெச்சுக்கோடி உன் பொட்டை இரவல் கண்ணாடிக்கு" என்று மனதுக்குள் சொன்னேன். சீட்டைப் பழையபடி வைத்துவிட்டு உள்ளே போய் எல்லாருக்கும் பொரி எடுத்துக் கொடுத்தேன். பெரியத்தைக்கு இரண்டு கை கூடவே கொடுத்தேன். மனசு அவ்வளவு குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் இதேதான். முன்னால் அவள் வைப்பாள், அடியில் நான் வைப்பேன். வண்டி ஆட்டத்தில் உதிர்ந்துவிடக் கூடாது என்று நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து வைக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் அப்பா வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வண்டியைக் கழுவுவார், அவள் வைத்தது ஒரு வாரம்கூடத் தங்காது. என்னுடையது அப்படியே இருக்கும். பழையதன் மேல் புதியது, அதன் மேல் இன்னொன்று. அதைத் தொட்டுப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். உன் அப்பா போன பிறகு பெரியத்தை பூஜைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தம்பி இல்லாத வீட்டில் அவளுக்கு என்ன வேலை. முன்னால் பொட்டு வைக்க ஆளில்லை. நான் வைத்தால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், புருஷன் போனவள் குங்குமத்தைத் தொடுகிறாளே என்று. ஆனால் சீட்டுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள். தார்ப்பாய்க்குள் தலையை விட்டு, சீட்டைத் தூக்கி, அந்த வருஷமும் வைத்தேன். அதற்கடுத்த வருஷமும். முட்டி மடங்காமல் போகும் வரைக்கும் வைத்தேன். கோபத்தில் ஆரம்பித்தது எப்போது வேறு மாதிரி ஆனது என்று எனக்கே தெரியாது. கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே.

நீ வண்டியைப் பொம்மனஹள்ளிக்கு மெக்கானிக் ஷபீர் பாய் ஷெட்டுக்கு இழுத்துப்போன பிறகு என்னென்ன செய்தாய் என்பதெல்லாம் சுமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் குரூப்பில் ஒரு பெரிய மனுஷர், எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று உன்னைப் படுத்தி எடுத்தாராம். உன் அப்பா ஒரு பக்கம் விளக்கு உடைந்ததற்கு ஓசூரில் வாங்கி வந்த டிராக்டர் விளக்கை மாட்டியிருந்தாரே, அதைப் பார்த்து "சே, டிராக்டர் லைட்டைப் போய் மாட்டியிருக்காங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். நீ இங்கிலாந்தில் இதே வண்டி வைத்திருக்கிற யாருக்கோ எழுதிக் கேட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் பதில் வந்தது, ஒரிஜினல் விளக்கும் டிராக்டருடையதுதான் என்று. "வேற டிராக்டர் அத்தை" என்று சுமதி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பின்னால் நீயும் சிரிக்கிற சத்தம் போனில் கேட்டது. அந்த மனுஷர் எனக்கு யாரென்று தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்புக்காக அவரை மன்னித்தேன். நான் மன்னிப்பது எப்போதாவதுதான், அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்புறம்தான் ஆர்.டி.ஓ. விஷயம் வந்து நின்றது. அங்கே இன்ஸ்பெக்டர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "ஏன் சார், இது ஆட்டோவா, காரா?" என்று கேட்டாராம்.

"கார்தான் சார்."

"மூணு சக்கரம்தானே இருக்கு?"

"அப்படித்தான் சார் செஞ்சிருக்காங்க."

"எஞ்சின்ல ஒரு கம்பெனி நம்பர் இருக்கு. கியர்ல வேற கம்பெனி நம்பர். ஆர்.சி. புஸ்தகத்துல இருக்கிற சேசிஸ் நம்பர் வண்டியில எல்லி சார்?"

எல்லி, எல்லி, எங்கே எங்கே என்று அவர் கன்னடத்தில் கேட்கக் கேட்க, நீயும் பாயும் வண்டிக்குள் தலையை விட்டுத் தேடினீர்கள். எல்லா வண்டியிலும் எங்கே இருக்குமோ அங்கெல்லாம் தேடினீர்கள். இது எல்லா வண்டி மாதிரியா. அந்த இன்ஸ்பெக்டரை நான் குறை சொல்லமாட்டேன். "நாலு திருட்டு வண்டியைச் சேர்த்து ஒட்டினவனும் இதைத்தான் சார் சொல்லுவான். நம்பரைக் காட்டுங்க, நான் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா இது ரோட்டுக்கு வராது" என்றாராம். நியாயம்தானே. நீ வீட்டுக்கு வந்து பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய்.

சுமதி அதை எனக்குப் போனில் சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். "வண்டியைக் குடுத்துடப் போறாராம் அத்தை. ஒரு ஐஸ்கிரீம் கடைக்காரர் கேட்டிருக்கார். வாசல்ல மேடை கட்டி, மேல ஏத்தி வெச்சு, உள்ள ரெண்டு பேர் உக்காந்து சாப்பிடற மாதிரி பண்ணப் போறாங்களாம்" என்றாள். எனக்கு வண்டி போவது பெரிதில்லை. வண்டி போய்விட்டால் நீ காலையில் எழுந்து எங்கே போவாய் என்றுதான் நினைத்தேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. "கடைசியா ஒரு தரம் வண்டியைப் பார்த்துடறேன், என்னைக் கூட்டிட்டுப் போ" என்று அவளிடம் ஒரு சாக்குச் சொன்னேன்.

பொம்மனஹள்ளியில் நாங்கள் இறங்கும்போது ஐஸ்கிரீம்காரரின் லாரி வாசலில் நின்றது. நீ ஒரு ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், போனில் ஒன்றும் இல்லை. ஷபீர் பாய் வெட்டுகிற மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "அரே அம்மா, வாங்க வாங்க. உங்க வண்டி உங்களுக்கு சலாம் சொல்லிட்டுப் போகுது."

"மிஷினை வெச்சுக்கிட்டு என்ன பாய் பண்றீங்க?"

"இந்தச் சட்டம் பூரா ஜங்கு புடிச்சிருக்கு அம்மா. பாருங்க, துரு எப்படிக் கட்டி கட்டியா ஏறி நிக்குது. இதை வெட்டிட்டுப் புது இரும்பு வெச்சாதான் மேடையில நிக்கும்."

சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். சட்டத்தின் இரண்டு பக்கமும் நிஜமாகவே அரித்துப் போயிருந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பும் கறுப்புமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. "துரு இப்படி வட்டமாவா ஏறும் பாய்?" என்று கேட்டேன். "தண்ணி நிக்கிற இடத்துல ஏறும் அம்மா" என்றார். நான் கையை நீட்டி நகத்தால் சுரண்டினேன். எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தேன். சிவப்பாக ஒட்டியது. மோந்து பார்த்தேன். மோந்து பார்க்காமலேயே எனக்குத் தெரியும், ஆனாலும் பார்த்தேன். பிறகு உன்னைக் கூப்பிட்டேன். "முரளி, இங்க வா" என்று உன் சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். நீ வந்தாய். என் கையை உன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

நீ மோந்து பார்த்தாய். "சந்தனம்மா" என்றாய்.

"ஜங்குல சந்தன வாசமா?" என்றார் பாய். "எந்த ஊர் இரும்பு அம்மா இது?"

"எங்க ஊர் குங்குமம் இது. அந்த மிஷினைத் தூர வைங்க முதல்ல" என்றேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனால் எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. சுமதி டீக்கடையிலிருந்து சுடுதண்ணீர் வாங்கி வந்தாள். பாய் எண்ணெய் கொடுத்தார். துணியை நனைத்துப் போட்டு ஊறவைத்து, மரச் சில்லால் நீயே மெதுவாகச் சுரண்டினாய். சிவப்பு வந்தது, அடியில் மஞ்சள், மறுபடி சிவப்பு, மறுபடி மஞ்சள். ஒவ்வொன்றும் ஒரு ஆயுத பூஜை. இதில் நீ பிறந்த வருஷம் எது, பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் எது என்று நினைத்துக்கொண்டே நான் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். கடைசி அடுக்கு போனதும் இரும்பு தெரிந்தது. சட்டம் முழுதும் அரித்துக் கிடக்க, அந்த இடம் மட்டும் நேற்றுச் செய்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது. எண்ணெய் விட்டுக் குழைத்தேனே, அது தண்ணீரை அண்டவிடவில்லை. அதில் அந்தக் கீறல்கள், கீறல் இல்லை, இரும்பில் அடித்த நம்பர். நீ டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாய். சுமதி போனில் புஸ்தகத்தின் போட்டோவைப் பார்த்து "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி எழுத்தையும் வாசித்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் பயந்துபோனேன். பிறகு பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறாய். பாய் வாசலுக்குப் போய் ஐஸ்கிரீம்காரரிடம், "மேடையில வேற எதையாவது வைங்க சார், என் மச்சான் ஆட்டோ ஒண்ணு சும்மாதான் நிக்குது" என்று பேரம் ஆரம்பித்துவிட்டார்.

நீ என்னைப் பார்த்து, "ஏம்மா அங்க போய் பொட்டு வெச்சே?" என்று கேட்டாய். சுமதி நின்றாள், பாய் நின்றார், லாரிக்காரன்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சும்மாதான்" என்றேன். நீ அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டாய். இன்ஸ்பெக்டர் அந்த நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டபோது அவரிடமும் அப்படியே சொன்னாயாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். பாவம் அந்த மனுஷர். உன் குரூப்பில் திருத்தி எழுத வேண்டாம், கை கூப்பியவர்கள் கூப்பியபடியே இருக்கட்டும். நீயும் பேத்தியும் தெரிந்துகொண்டால் போதும். அதைக் காப்பாற்றியது என் கோபம். என் இடத்தை ஒருத்தி பிடுங்கினாள், நான் இன்னொரு இடம் பார்த்துக்கொண்டேன். உன்னை அந்தக் கம்பெனியில் எழுந்து போகச் சொன்னபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நீ காலையில் எழுந்து முகம் மழித்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போகிறாய். வேறு யாரோ ஒருவருடைய பழைய வேனுக்குப் பாயும் நீயும் சேர்ந்து வேலை பார்க்கிறீர்களாம். பால்கனி நாற்காலிமேல் சுமதி துளசித் தொட்டியை வைத்துவிட்டாளாம். கெட்டிக்காரி. அதை அங்கிருந்து எடுக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. முந்தாநாள் பெரியத்தை போன் செய்தாள்.

"வண்டி ஓடுதாமே?"

"ஓடுது அண்ணி."

"ஆயுத பூஜை வருது" என்றாள். ஆமாம் என்றேன். "முன்னெல்லாம் நான்தான் வந்து வெப்பேன். இப்போ..." என்று நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரர், உன் மாமா, போன தை மாதம் போனாரே, அதற்குப் பிறகு அவளும் என்னைப்போலத்தான். "இப்போ நான் வெச்சா யாராவது ஏதாவது சொல்லுவாங்களோ என்னவோ" என்றாள். என் தட்டைப் பிடுங்கிய குரல் அது, முரளி. இப்போது என்னிடம் கேட்கிறது. பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. அடுத்த நிமிஷம் தார்ப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நான் நின்றது ஞாபகம் வந்தது.

"வாங்க அண்ணி. முன்னாடி உங்க இடம் அப்படியேதான் இருக்கு. யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பழம் மூணு வாங்கினா போதும், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். அவளுக்கும் மறக்கவில்லை, பார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பூஜை அன்றைக்கு அவளை மல்லேஸ்வரத்திலிருந்து வண்டியிலேயே கூட்டிக்கொண்டு வா. முன் சீட்டில் உட்காரவை, அவளுக்கு முட்டி என்னைவிட மோசம். கண்ணாடிக்கும் விளக்குக்கும் சக்கரத்துக்கும் அவளே வைக்கட்டும். எல்லாரும் பொரி தின்ன உள்ளே போன பிறகு நீ மட்டும் என்னோடு நில். எனக்கு முதுகு வளையாது, சீட்டை நீதான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த நம்பரைத் துடைத்துப் பெயிண்ட் அடித்து அழகாக வைத்திருக்கிறாயாம். இருக்கட்டும். நான் அதன் மேலேயேதான் அப்புவேன், எண்ணெய் விட்டுக் குழைத்துத்தான் அப்புவேன். இனிமேல் எந்த இன்ஸ்பெக்டர் வந்து எல்லி என்று கேட்டாலும், எங்கே சுரண்ட வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா